7-1 பெஞ்ச்: ரக்பி தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்

வணக்கம். 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நேற்று மறுபடி பார்த்தேன். தென்னாப்பிரிக்கா 12, நியூசிலாந்து 11. எனக்கு இன்னும் பிடிபடாதது தென்னாப்பிரிக்காவின் மாற்று வீரர் வரிசைதான். பெஞ்சில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் ஃபார்வர்டுகள், அதாவது முன்னால் நின்று முட்டி மோதுகிறவர்கள். பந்தோடு ஓடும் பின்வரிசைக்கு வில்லி லே ரூ ஒருவர் மட்டும்.

காரணம் ஓரளவு புரிகிறது. ஸ்க்ரம்மில் (இரு அணி ஃபார்வர்டுகளும் தோள் கோத்துப் பந்துக்காக மோதுவது) முட்டித் தள்ளுகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். இரண்டாம் பாதியில் புதுத் தெம்போடு ஆட்கள் இறங்கினால் எதிரணி திணறும். சரி. ஆனால் ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம்-ஹாஃப் டி கிளெர்க்குக்கு நடுவில் கால் பிசகியிருந்தால் அங்கே யார் நிற்பது?

வேடிக்கை என்னவென்றால், அடி விழுந்தது ஹூக்கர் இடத்தில். ஸ்க்ரம்மின் முன்வரிசை நடுவில் நிற்பவர் அவர்; லைன்-அவுட்டில், அதாவது பந்து பக்கக்கோட்டைத் தாண்டியபின், அதை உள்ளே எறிவதும் பெரும்பாலும் அவர்தான். மால்கம் மார்க்ஸ் காயத்தால் முன்பே விலகியிருந்தார்; அவருக்குப் பதில் இன்னொரு ஹூக்கரை அல்ல, பின்வரிசை வீரர் ஹான்ட்ரே பொல்லார்டை அழைத்தார்கள். (அந்த 12 புள்ளியும் பொல்லார்டின் காலில் வந்ததுதான், ஒப்புக்கொள்கிறேன்.) ஆட்டத்தைத் தொடங்கிய ஹூக்கர் எம்போனாம்பி ஆரம்ப நிமிடங்களிலேயே முழங்கால் அடிபட்டு வெளியேற, பெரும்பாலும் ஃப்ளாங்கராக (ஸ்க்ரம்மின் ஓரத்தில் நிற்பவர்) ஆடிவந்த 37 வயது டியோன் ஃபூரி மீதி ஆட்டம் முழுக்க லைன்-அவுட்டில் பந்து எறிந்தார். எறிந்ததில் பல கைநழுவின.

அப்படியானால் 33 பேர் அணியில் இரண்டு ஹூக்கர் போதுமா, மூன்று வேண்டுமா? பெஞ்சில் ஆளில்லாத பின்வரிசைக்காரர்களின் பயிற்சிச் சுமையை அந்த வாரம் எப்படிக் குறைப்பார்கள்? கிளப்பிலோ கல்லூரியிலோ ஆடியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தையே எழுதுங்கள். நான் அந்தப் பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது.