ஒரே இடத்தில் மீட்டினாலும் ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் உயிரெழுத்து மாறுவது ஏன்?

நைலான்ஆறு:
650 மி.மீ. ஸ்கேல் (ஸ்ட்ரிங் அதிரும் நீளம்) கொண்ட கிளாசிக்கல் கிட்டார். பிரிட்ஜ் சேடிலிலிருந்து (அடிமுனையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) 65 மி.மீ. தள்ளி மீட்டினால் 5ஆம் ஸ்ட்ரிங் ‘ஓ’ என்று உருண்டு வருகிறது. அதே தூரத்தில் 1ஆம் ஸ்ட்ரிங் ‘ஏ’ என்று மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் கேட்கிறது. எல்லா ஸ்ட்ரிங்கிலும் ஒரே நிறம் வர எங்கே மீட்ட வேண்டும்?

அதிர்வெண்:
ஸ்ட்ரிங்கின் ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகள் என ஹார்மோனிக்குகளும் கலந்திருக்கும். மீட்டும் புள்ளியில் எந்த ஹார்மோனிக்குக்குக் கணு (அசையாத புள்ளி) இருக்கிறதோ அது எழும்பாது. 65 மி.மீ. என்பது நீளத்தில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே 10, 20, 30ஆம் ஹார்மோனிக்குகள் போய்விடும். 5ஆம் ஸ்ட்ரிங்கில் (110 ஹெர்ட்ஸ்) முதல் குழி (ஒலி அடங்கும் அதிர்வெண்) 1100இல், அதற்கு முந்தைய மேடு (ஒலி வலுக்கும் அதிர்வெண்) 550இல். வாயின் ஃபார்மன்ட் (உயிரெழுத்தின் நிறத்தைத் தரும் ஒத்ததிர்வு) செய்யும் வேலையை இந்த மேடு செய்கிறது. 1ஆம் ஸ்ட்ரிங்கில் அதே மேடு சுமார் 1650க்கு ஏறிவிடுகிறது. நிறம் மாறுவது இதனால்தான்.

மேடு = திறந்த ஸ்ட்ரிங்கின் அதிர்வெண் × 650 ÷ (2 × தூரம்)

எல்லாவற்றிலும் 550 வேண்டுமானால், 6ஆம் ஸ்ட்ரிங்கிலிருந்து வரிசையாக 49, 65, 87, 116, 146, 195 மி.மீ. இதில் அழகான விஷயம், ஃப்ரெட் பிடித்தாலும் மேடு நகராது: நீளம் குறையும் அதே விகிதத்தில் அதிர்வெண் ஏறுகிறது. சுருதி மாறினாலும் ‘ஆ’ ‘ஆ’வாகவே இருப்பதுபோல! மீட்டும் புள்ளி, அதிரும் நீளத்தின் பாதியைத் தாண்டாதவரை இது செல்லும். 1ஆம் ஸ்ட்ரிங்கில் 195 மி.மீ. என்றால் 8ஆம் ஃப்ரெட்வரை.

குரல்வளை:
கணக்கு சரி, ஆனால் இதை முழு உயிரெழுத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மீட்டும் இடம் தரும் மேடுகள் எப்போதும் 1:3:5 விகிதத்தில்தான் விழும். வாயை எந்தப் பக்கமும் குறுக்காமல், 17.5 செ.மீ. நீளச் சீரான குழாயாக வைத்தால் வருவதும் இதுவே: 500, 1500, 2500. ‘ஈ’க்கு 300 அருகே ஒன்று, 2300 அருகே ஒன்று வேண்டும். அப்படி இரண்டையும் தனித்தனியே நகர்த்த விரலால் முடியாது. பிரிட்ஜை நெருங்கும்போது மெலிவு வரும், உண்மையான ‘ஈ’ வராது.

மெய்யெழுத்து வேறு கணக்கு. நகம் ஸ்ட்ரிங்கைத் தொடும் ‘டக்’ ஒலி வல்லினம்போல் முன்னால் ஒட்டும். சதையில் தொடங்கி நகத்தில் விட்டால் அது அடங்கும்.

நைலான்ஆறு:
நன்றி. 65இல் மீட்டிப் பதிவுசெய்தால் ஸ்பெக்ட்ரத்தில் (எந்த அதிர்வெண் எவ்வளவு வலு என்று காட்டும் வரைபடம்) 1100 குழி தெளிவாக இல்லையே?

அதிர்வெண்:
3 மி.மீ. விலகினாலே போதும். 62இல் மீட்டினால் 650 ÷ 62 = 10.5, குழி 10க்கும் 11க்கும் நடுவில் விழும், இரண்டுமே மிஞ்சும். அகலமான விரல் சதையும் குழியை மங்கலாக்கும். முதலில் 5ஆம் ஸ்ட்ரிங்கில் 130இல் சோதியுங்கள்: ஸ்ட்ரிங்கை மெல்லத் தொட்டு 5ஆம் ஹார்மோனிக் மணிபோல் ஒலிக்கும் புள்ளியைப் பிடித்து, சரியாக அங்கேயே நக நுனியால் மீட்டுங்கள். மற்ற ஸ்ட்ரிங்குகளைத் துணியால் அடக்குங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ் பதிவில் எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) அளவு 8192 வைத்தால் 5.4 ஹெர்ட்ஸ் இடைவெளி கிடைக்கும். 550, 1100 இரண்டும் பக்கத்து ஹார்மோனிக்குகளைவிட நன்றாகத் தாழ்ந்திருக்கும்.