ரெண்டு நாள் நிறுத்தினால் செல்ஃப் எடுக்காத பழைய கார்: கரன்ட் எங்கே போகிறது?

மாருதி 800, ஆம்னி, பழைய ஜென் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் இது: "பேட்டரி புதுசு, ஆனா ரெண்டு நாள் நிறுத்தினா செல்ஃப் எடுக்க மாட்டேங்குது." உடனே இன்னொரு பேட்டரி வாங்கிவிடாதீர்கள். ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் பத்தாம் நம்பர் ஸ்பேனரும் இருந்தால் வீட்டு வாசலிலேயே தேடிப் பிடித்துவிடலாம்.

முதலில் பேட்டரியா, வண்டியா என்று பிரிக்க வேண்டும். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நெகட்டிவ் வயரைக் கழற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் 12.6 வோல்ட் நின்றால் பேட்டரி நல்லது. 12.2 என்றால் பாதி சார்ஜ்தான் மிச்சம். அப்படி இறங்கியிருந்தால் கோளாறு பேட்டரியில்தான். மீட்டரின் கறுப்பு முனையை நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் மேல்மூடியில் அங்கங்கே தொட்டும் பாருங்கள். அங்கே வோல்ட் காட்டினால், ஆசிட் கசிவும் தூசியும் சேர்ந்த படலம் வழியாகவே கரன்ட் ஒழுகுகிறது. ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். சோடாத் தண்ணீர் செல் மூடிக்குள் இறங்கக் கூடாது.

பேட்டரி நல்லது என்றால் அடுத்தது லீக்கேஜ், அதாவது வண்டி சும்மா நிற்கும்போது ஒழுகும் கரன்ட், அளப்பது. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, மீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்ப் துளைக்கு மாற்றி, கழற்றிய நெகட்டிவ் கிளாம்புக்கும் பேட்டரி முனைக்கும் நடுவில் மீட்டரைச் சேருங்கள். அந்த நிலையில் தப்பித் தவறியும் செல்ஃப் அடிக்கக் கூடாது, மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் அந்தக் கணமே போய்விடும். கார்புரேட்டர் வண்டியில் கடிகாரமும் ஸ்டீரியோ மெமரியும் மட்டும் இருந்தால் 10, 20 மில்லிஆம்ப் காட்டும். இஞ்ஜெக்‌ஷன் வண்டி என்றால் கால் மணி நேரம் பொறுங்கள், கன்ட்ரோல் யூனிட் (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) அடங்கியபின் 50-க்குள் வர வேண்டும். 200 மில்லிஆம்ப் என்பது கேட்க அற்பமாக இருக்கும். ஒரு நாளைக்கு 4.8 ஆம்ப் அவர் ஆகிறது. 35 ஆம்ப் அவர் பேட்டரியை ஒரு வாரத்தில் குடித்துவிடும்.

இனி ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதை எடுத்ததும் அளவு சட்டென்று விழுகிறதோ அந்த லைனில்தான் வேலை. இஞ்ஜெக்‌ஷன் வண்டியில் பிடுங்குவதைவிட, ஃபியூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளுக்கு இடையே மில்லிவோல்ட் அளப்பது மேல். பிடுங்கி மாட்டினால் அடங்கிக் கிடந்த யூனிட் மறுபடி எழுந்துகொள்ளும். 10 ஆம்ப் பிளேடு ஃபியூஸில் 1 மில்லிவோல்ட் காட்டினால் சுமார் 130 மில்லிஆம்ப் ஓடுகிறது என்று கணக்கு.

பார்த்தவரை, கம்பெனி ஒயரிங்கைவிடப் பின்னால் சேர்த்ததுதான் அதிகம் சிக்குகிறது. ஸ்டீரியோவில் மஞ்சள் வயர் எப்போதும் கரன்ட் உள்ள லைனுக்கு, சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் வரும் லைனுக்கு. அவசரத்தில் மாட்டுபவர்கள் இரண்டையும் முறுக்கி, எப்போதும் கரன்ட் உள்ள லைனிலேயே கட்டிவிடுவார்கள். ஆம்ப்ளிஃபையர் வேறு இருந்தால் அதை ஆன் செய்யும் ரிமோட் வயரும் விடிய விடிய உயிரோடு நிற்கும். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பாருங்கள்: வெறும் முறுக்கு, மேலே இன்சுலேஷன் டேப். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, ஜாயின்ட் செம்பு நிறம் தெரிய நிற்கும். அதை வெட்டி எறிந்து, சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டு முடிக்க வேண்டும். மேலே இன்னொரு சுற்று டேப் சுற்றுவது வேலையே ஆகாது.

அடுத்தது பிரேக் பெடல் சுவிட்ச். பெடலில் சுவிட்ச் முட்டுகிற இடத்தில் உள்ள சின்ன ரப்பர், பிளாஸ்டிக் பொத்தான் வருஷக்கணக்கில் காய்ந்து பொடிந்து விழும். கால்மிதியில் துணுக்குகள் கிடந்தால் அதுதான். பிரேக் லைட் அணையாது. 21 வாட் பல்ப் இரண்டு என்றால் 3.5 ஆம்ப், 35 ஆம்ப் அவர் பேட்டரிக்குப் பத்து மணி நேரம். டிக்கி லைட் மூடியபின் அணைகிறதா என்று சோதிக்க, போனில் வீடியோ ஓடவிட்டு உள்ளே வைத்து மூடிப் பாருங்கள்.

*

எல்லா ஃபியூஸும் பிடுங்கியும் அளவு இறங்கவில்லை என்றால், ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். அதன் தடித்த பாசிட்டிவ் வயர் ஃபியூஸ் பெட்டி வழியாக வருவதில்லை, அதனால் பலரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே, கரன்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டையோடு ஒன்று லீக் ஆனால் வண்டி நிற்கும்போது கரன்ட் திரும்பி ஓடும். பேட்டரி நெகட்டிவை முழுசாகக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டரின் அந்தப் பாசிட்டிவ் வயரை எடுத்து டேப் சுற்றி ஒதுக்குங்கள். பிறகு மீட்டரைச் சேர்த்து அளந்தால் தெரிந்துவிடும். நெகட்டிவைக் கழற்றாமல் ஸ்பேனர் போட்டால் அது பாடியில் பட்டு நேர் ஷார்ட், கை வெந்துவிடும். இன்னொரு அடையாளம்: இஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏசி வோல்ட் அளந்தால் 0.5-ஐத் தாண்டும். டையோடு பிளேட் மட்டும் மாற்றித் தருவார்கள், முழு ஆல்டர்னேட்டர் வாங்கத் தேவை இல்லை.

*

செல்ஃப் எடுக்காததற்கு எர்த்தும், அதாவது கரன்ட் பாடி, இஞ்சின் வழியாகப் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பும், காரணமாகலாம்; அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து மின்னுவது, ஹெட்லைட் போட்டதும் டெம்பரேச்சர் முள் ஏறுவது, இவையெல்லாம் எர்த் கோளாறு. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவில் மீட்டரை வைத்து ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் அந்த இணைப்பைத் தரும் தடித்த வயரான எர்த் ஸ்ட்ராப் போய்விட்டது. ரொம்ப மோசமானால் செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் கையில் சுடும். திரும்பிப் போக வேறு வழி இல்லாமல் கரன்ட் அதன் வழியாகப் போகிறது. கேபிள் இறுகிக்கொண்டால் ஆக்சிலரேட்டர் திரும்பாது, ஆபத்து.

பச்சை பூத்த ஸ்ட்ராப்பைத் தேய்த்துப் பயன் இல்லை, உள்ளே இழைகள் அரித்திருக்கும். புதுசு போடுங்கள். போடும் முன் பாடியில் போல்ட் உட்காரும் இடத்தின் பெயின்டை உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி பூசுங்கள். கடலோர ஊர் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை அந்த போல்ட்டைக் கழற்றிப் பார்த்து, துரு இருந்தால் மறுபடி தேய்த்து மாட்டுங்கள்.