வில்லியாக மறுபிறந்தவள் வங்கியைக் காப்பாற்றலாமா?

நீலமலர்:
தற்கால ஜப்பானில் நடக்கும் வில்லி மறுபிறப்புக் கதைகளைப் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? ஆபீஸ் வேலை பார்த்து அலுத்துப்போன ஒருத்தி செத்துப்போகிறாள். தான் விளையாடிய ஒடோமே கேமில் (பெண்களுக்கான காதல் வீடியோ கேம்), ஏழைக் கதாநாயகிக்கு எதிராக வரும் பணக்கார வில்லியாகக் கண் விழிக்கிறாள். கடைசியில் நிச்சயதார்த்தம் முறிந்து, குடும்பம் நொடித்து, தெருவுக்கு வரப்போகிறோம் என்று அவளுக்கு முன்பே தெரியும். அமைப்பு இவ்வளவுதான். பெரும்பாலும் அரண்மனை, இளவரசன், பால்ரூம் நடனம் என்று போகும். சில எழுத்தாளர்கள் மட்டும் அவளை 1990களின் டோக்கியோவில், பெரிய தொழில் குடும்பத்தின் வாரிசாக இறக்கிவிடுகிறார்கள். அங்கே அவளை அழிக்கப்போவது இளவரசன் இல்லை, குடும்பத்தின் கடன்.

இந்த வகைக்கு இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது என்பது என் கட்சி. ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,915-ல் முடிந்தது. அடுத்த அக்டோபருக்குள் 20,000-க்குக் கீழே விழுந்தது. நாட்டின் மத்திய வங்கியான ஜப்பான் வங்கி 2.5 சதவீதமாக இருந்த வட்டியை 6 சதவீதம் வரை ஏற்றியது. கேமில் வில்லியின் முடிவுக்குத் தேதி குறித்திருப்பதுபோல நாட்டின் முடிவுக்கும் தேதி குறித்தாயிற்று. அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேரேடு:
தெரியும் என்பதுதான் எனக்குப் பிரச்சினையே. விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவளைப் புத்திசாலி என்று எப்படிக் கொண்டாடுவது? எந்தப் பங்கு ஏறும், எந்த வங்கி விழும் என்று தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பணக்காரி ஆகலாம். அதுவும் இந்தக் கதாநாயகிகள் பலர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அப்போது ஜப்பானில் சட்டப்படி 20 வயது ஆனால்தான் மேஜர். பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவள் போடும் ஒப்பந்தத்தைப் பின்னால் ரத்து செய்துவிடலாம். ஒரு விசுவாசமான பட்லரைப் பக்கத்தில் நிறுத்தி இதையெல்லாம் தாண்டிவிடுகிறார்கள். இதைப் பொருளாதாரக் கதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அத்தியாயம்தோறும்:
பேரேடு சார், தேதி தெரிந்தால் மட்டும் போதுமா? 1997 நவம்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதி சான்யோ செக்யூரிட்டீஸ் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டுப் போனது. நடுத்தரமான பங்குத் தரகு நிறுவனம்தான். ஆனால் நிதி நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று ஈடில்லாமல் குறுகிய காலக் கடன் கொடுத்துக்கொள்ளும் கால் மார்க்கெட்டில் அது வாங்கிய பணம் திரும்பவில்லை. போருக்குப் பிறகு அந்தச் சந்தையில் யாரும் அப்படிக் கைவிரித்ததே கிடையாது. தொகை சிறியது, அடி பெரியது. ஏற்கெனவே சந்தேகத்தில் இருந்தவர்களுக்குக் கடன் கொடுக்க எல்லாரும் யோசிக்க ஆரம்பித்தார்கள். ஹொக்கைடோ தகுஷொகு வங்கி மூச்சுத் திணறி 17ஆம் தேதி கையைத் தூக்கியது. 24ஆம் தேதி யமைச்சி என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனம் போனது.

இதில் அவள் எங்கே கை வைப்பாள்? தகுஷொகு வங்கியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நவம்பரில் போய்ப் பயனில்லை. தோயா ஏரிக்கு மேலே மலையுச்சியில் ஓர் ஆடம்பர ஓட்டல் கட்ட அது கடனை அள்ளிக் கொடுத்தபோதே போய் நிற்க வேண்டும். அப்போது ஒரு சின்னப் பெண் சொன்னால் எந்த அதிகாரி கேட்பார்? தெரிந்தும் யாரையும் நம்ப வைக்க முடியாத அந்த அவஸ்தைதான் எனக்குக் கதை. நல்ல எழுத்தாளர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள்.

பேரேடு:
நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய ஆட்சேபணை ஒன்று இருக்கிறது. அவள் காப்பாற்றிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அது நல்லதா?

1996-ல் வீட்டுக்கடன் நிறுவனங்களின் ஓட்டையை அடைக்க அரசு 68,500 கோடி யென் கொடுக்கப்போய் ஜப்பானே கொதித்தது. அதற்கப்புறம் வங்கிகளுக்கு மக்கள் பணம் என்று வாயைத் திறக்க எந்த அரசியல்வாதிக்கும் தைரியம் இல்லை. வாராக்கடன் உள்ளேயே புளித்துக்கொண்டிருந்தது. 1997 நவம்பர் வந்த பிறகுதான் வாய் திறந்தது. 1998 பிப்ரவரியில் 30 லட்சம் கோடி யென், அக்டோபரில் 60 லட்சம் கோடி யென் என்று சட்டங்கள் வந்தன. நம் கதாநாயகி சொந்தப் பணத்தில் வங்கியைத் தாங்கிப் பிடித்தால் அந்த அதிர்ச்சி வராது. அதிர்ச்சி இல்லையென்றால் சட்டமும் இல்லை. நோய் இன்னும் ஐந்து வருடம் இழுக்கும். கதை அவளுக்குக் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அவள் நாட்டுக்குக் கெடுதல் செய்துகொண்டிருப்பாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எழுத்தாளரை நான் இன்னும் படிக்கவில்லை.

நீலமலர்:
அப்படியென்றால் அவள் வில்லியாகவே இருக்கட்டும்! நான் சொல்ல வந்ததும் அதுதான்.

ஜப்பான் நீண்டகாலக் கடன் வங்கியை அரசு 1998 அக்டோபரில் எடுத்துக்கொண்டது. 2000-ல் ஓர் அமெரிக்க முதலீட்டுக் குழு அதை 100 கோடி யென்னுக்கு வாங்கி, 12,000 கோடி யென் புது மூலதனம் போட்டு, ஷின்செய் என்று பெயர் மாற்றியது. மூன்று வருடத்துக்குள் ஒரு கடனின் மதிப்பு இருபது சதவீதத்துக்கு மேல் சரிந்தால் அரசே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியும் வாங்கிவிட்டார்கள். சோகோ டிபார்ட்மென்ட் ஸ்டோர் குழுமம் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி வந்து நின்றது. ஷின்செய் மறுத்தது. 2000 ஜூலையில் சோகோ விழுந்தது. பழைய வழக்கப்படி பெரிய அளவில் கடன் கொடுத்த வங்கி வாடிக்கையாளரைத் தாங்கியாக வேண்டும். தாங்காதவரைப் பிணந்தின்னிக் கழுகு என்று ஊரே திட்டியது.

அந்த நாற்காலியில் நம் வில்லியை உட்கார வைத்துப் பாருங்கள். கடனைத் திருப்பிக் கேட்டால் அவள் வில்லி, கேட்காமல் விட்டால் நல்லவள், வங்கி மட்டும் மறுபடி அழுகும். கேம் கொடுத்த பட்டத்தையும் பொருளாதாரம் கொடுத்த பட்டத்தையும் ஒரே ஆள் சுமக்கிறாள். அரண்மனைக் கதைகளில் வில்லி என்பது வெறும் அவதூறு. இங்கே அவளுடைய தொழிலே அது.

ஐஸ்ஏஜ்பேட்ச்:
நீங்கள் மூவரும் மேல்மாடியிலேயே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். யமைச்சி 1897-ல் தொடங்கியது, நூறாவது வயதில் மூடினார்கள். சுமார் 26,000 கோடி யென் நஷ்டத்தைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தார்கள். நிருபர்கள் முன்னால் தலைவர் நொசாவா, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் பிழை இல்லை என்று குரல் உடைந்து அழுதார். அந்த ஊழியர்கள் இந்தக் கதைகளில் எங்கே? அந்த வருடங்களில் காலேஜ் முடித்து நிரந்தர வேலையே கிடைக்காமல் போன ஒரு தலைமுறை இருக்கிறதே, அவர்கள்? செத்துப்போன ஆபீஸ்காரி அந்தத் தலைமுறையில் ஒருத்தியாக இருந்திருக்கலாம். மறுபிறவியில் அவளுக்குக் கோடிகள் கிடைத்ததும் தன் பழைய வயிற்றெரிச்சலை முதல் அத்தியாயத்திலேயே மறந்துவிடுகிறாள். எனக்குக் கோபம் அதில்தான். கேமின் ஏழைக் கதாநாயகியை, உதவித்தொகையில் படிக்க வந்தவளை, மூடிப்போன ஒரு கம்பெனி ஊழியரின் மகளாக யாராவது எழுதட்டும். அவள் வந்து வில்லியிடம் கணக்குக் கேட்கட்டும்.

பேரேடு:
அந்தக் கதை வந்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். ஆனால் வில்லி மனம் இளகி அந்த அப்பாவின் கம்பெனிக் கடனைத் தள்ளுபடி செய்தால் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

ஐஸ்ஏஜ்பேட்ச்:
தள்ளுபடி வேண்டாம் சார். ஆறு மாதச் சம்பளம், வேறு வேலைக்குப் பயிற்சி. அதைக் கொடுத்தாலும் வங்கி அழுகுமா? இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள்.