பாவிச்ச கிராபிக்ஸ் கார்ட்: வாங்கினவர் காசு திருப்பிக் கேக்கிறார், என்ன செய்யலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் கொக்குவிலில இருக்கிறன். என்ர ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டை ஒன்லைனில விளம்பரம் போட்டு மட்டக்களப்பில ஒரு தம்பிக்கு வித்தனான். அனுப்ப முதல் ஃபர்மார்க் (கார்டுக்கு முழு வேலை குடுத்துச் சோதிக்கிற மென்பொருள்) ஓடவிட்டு, வெப்பநிலை தெரியிற வீடியோவும் சீரியல் நம்பர் படமும் அவருக்குக் குடுத்தனான். இப்ப கேம் திறந்த உடன கொம்பியூட்டர் நூந்துபோகுதாம், முழுக்காசும் வேணுமாம்.

அவர் பொய் சொல்லுறார் எண்டு நான் நினைக்கேல்லை. படிக்கிற பிள்ளை, சேர்த்து வைச்ச காசு. ஆனா எனக்குச் சந்தேகம் பவர் சப்ளையில, அதாவது கொம்பியூட்டருக்குள்ள கரண்ட் குடுக்கிற பெட்டியில. இந்தக் கார்டுக்கு 8 பின் கரண்ட் இணைப்பும், 450 வாட் சப்ளையும் வேணும். அவர் அனுப்பின படத்தில கேஸோட வாற மலிவான சப்ளை, மோலெக்ஸில (பழைய 4 பின் கரண்ட் இணைப்பு) இருந்து மாத்தி வயர் குடுத்திருக்கு. கார்ட் பழுதெண்டா பெரும்பாலும் திரையில கோடு, புள்ளி விழும். லோட் ஏற முழு மெஷினும் நூருறது எண்டா முதல்ல சப்ளையைத்தான் பாக்கவேணும். வேற சப்ளையில போட்டுப் பாக்கச் சொன்னன். கடைக்குக் குடுக்கக் காசில்லை எண்டுறார்.

தனியாள் விக்கிற பாவிச்ச சாமானுக்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருந்துமோ? சட்டம் தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. அது எப்பிடியெண்டாலும் கார்ட் பிழையெண்டா, சீரியல் நம்பர் பாத்து எடுத்துக்கொண்டு காசு குடுப்பன், கூரியர் காசும் என்ர.

மட்டக்களப்பில ஆராவது நல்ல 550 வாட் சப்ளையோட ஒருக்கா ரெஸ்ற் பண்ணித் தருவியளோ? செலவு நான் தாறன். இன்பொக்ஸுக்கு வாங்கோ.