'ஸ்வாட்' (Special Weapons and Tactics) குழுவுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அஸ்தம்பட்டியிலிருந்து:
குற்றவியல் பட்டய வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பணயக் கைதிகளை மீட்கவும், ஆயுதத்தோடு வீட்டுக்குள் அடைந்துகொண்டவரைப் பிடிக்கவும் காவல்துறை வைத்திருக்கும் தனிக்குழு. லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1967இல் இப்படியொன்றைத் தொடங்கியது. 'அதிரடிப்படை' என்று எழுதியிருக்கிறேன். சரிதானே?

சூரமங்கலத்திலிருந்து:
சரியில்லை ஐயா. நம் பக்கம் அதிரடிப்படை என்றால் வீரப்பனை ஆண்டுக்கணக்கில் காட்டில் தேடிய படை. இவர்களுக்கோ ஒரே வீடு, சில மணி நேரம். அதிலும் அடி குறைவு, காத்திருப்பு அதிகம். ஆள் தப்பாமலிருக்க உள்வளையம், வேடிக்கை பார்ப்பவர் நெருங்காமலிருக்க வெளிவளையம். பிறகு பேச்சுவார்த்தை. தொலைநோக்கித் துப்பாக்கிக்காரருக்குச் சுடுவதைவிடச் சன்னலில் தெரிவதைச் சொல்வதுதான் பெரிய வேலை. நுழைவது கடைசி வழி. முன்னால் போகிறவர் வாசலில் தயங்கினால் பின்வரிசை முழுக்கக் குறியாகிவிடும். வெளிச்சமும் சத்தமுமாக வெடிக்கும் குண்டு மெத்தையில் விழுந்தால் தீப்பிடிக்கும். உள்ளே ஒருவன் சுட்டுக்கொண்டே இருந்தால் மட்டும் கதை வேறு. 1999இல் அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது காவலர்கள் இக்குழுவுக்காக வெளியே காத்திருந்தார்கள். அதன்பின் அங்கே முதலில் வருபவரே உள்ளே போகப் பயிற்சி தருகிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து:
தொல்காப்பியர் சொல்லிவிட்டார்: 'முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்'. கோட்டையை வளைப்பதும் பிடிப்பதுமான உழிஞைப் போர் இது. முற்றல் உங்கள் வளையம், கோடல் நுழைவு. உழிஞைக் குழு!

அழகாபுரத்திலிருந்து:
அந்தப் போருக்குப் பெயர் தந்த உழிஞைச் செடி முடக்கத்தானா சிறுபூளையா என்றே இன்னும் தீரவில்லை. பையன்கள் தோசை என்று நினைப்பார்கள். 'சிறப்பு உத்திக் குழு' போதும்.

ஏற்காட்டிலிருந்து:
உத்தி 'யுக்தி'யின் திரிபு. வடசொல்.

அழகாபுரத்திலிருந்து:
நன்னூல் 32 உத்தி என்று எண்ணியே வைத்திருக்கிறது. பவணந்தியாருக்கு இல்லாத கூச்சம் நமக்கெதற்கு? வடசொல்லேதான் என்றால் 'தந்திரம்' இருக்கிறது. கல்வெட்டுகளில் அதற்குச் சேனை என்றே பொருள் உண்டு.

சூரமங்கலத்திலிருந்து:
தந்திரக் குழு என்றால் சீட்டு மோசடிக் கும்பல் என்று படிப்பார்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து:
'சிறப்பு உத்திக் குழு' என்றே அனுப்பிவிட்டேன். பதிப்பாளர் அட்டைக்கு மட்டும் 'அதிரடி' கேட்கிறார்.

ஏற்காட்டிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை. கோடலை வைத்து 'கோட்குழு' என்றாவது அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கலாம்.

சூரமங்கலத்திலிருந்து:
அந்தக் குண்டுக்கு யாரும் பெயர் வைக்கவில்லையே. 'ஒளியொலிக் குண்டு' என்றால் தீபாவளிச் சரக்கு மாதிரி இருக்கிறது.