ஃபைனல் ஃபேண்டஸி 16-ஐ ஃபைனல் ஃபேண்டஸி என்று சொல்லலாமா?

மூகிள் மாமா:
ஒருவழியாக இந்த ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் 16-ஐ முடித்துவிட்டேன். இசையும் ராட்சசச் சண்டைகளும் அட்டகாசம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்தப் பெயரை எதற்கு ஒட்டினார்கள்? நம் கையில் இருப்பது நாயகன் கிளைவ் ஒருவன்தான். கூட வருகிறவர்கள் அவர்கள் பாட்டுக்குச் சண்டை போடுகிறார்கள். நாய் டார்கலுக்கு மட்டும் இரண்டு மூன்று உத்தரவு கொடுக்கலாம். எதிரிக்கு நெருப்பு ஆகாதா, பனி ஆகாதா என்ற கணக்கே இல்லை. எதனால் அடித்தாலும் ஒன்றுதான். சண்டையை வடிவமைத்த ரியோட்டா சுசுகி, டெவில் மே க்ரை 5 என்ற அடிதடி கேமில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பட்டனை அழுத்தும்போதே அது தெரிகிறது. நல்ல ஆக்‌ஷன் கேம், சரி. யோசித்துக் குழுவை நகர்த்தும் விளையாட்டு எங்கே போனது?

பழைய கார்ட்ரிட்ஜ்:
மாமா, இந்தத் தொடர் எப்போது ஒரு இடத்தில் உட்கார்ந்தது? முதல் கேம் 1987. அடுத்த வருஷமே வந்த இரண்டாவதில், எதிரியைக் கொன்று புள்ளி சேர்த்து ஏறும் லெவலையே தூக்கிக் கடாசினார்கள். வாளால் அடித்தால் வாள் திறமை ஏறும், அடி வாங்கினால் உயிர் ஏறும். விளைவு? ஒரு சப்பை எதிரியை ஓரமாக நிற்கவைத்துவிட்டு, நம் ஆட்களை நாமே வெட்டி உயிரை ஏற்றிக்கொண்டிருந்தோம். அது முதலில் வந்த பழைய நின்டெண்டோ இயந்திரமான ஃபேமிகாமில் இன்னும் மோசம்: கட்டளையைத் தேர்ந்தெடுத்து ரத்து செய்தாலே அதுவும் பயிற்சிக் கணக்கில் சேர்ந்துவிடும்.

நீங்கள் ஏங்குகிற, நாமும் எதிரியும் மாறி மாறி அடிக்கும் சுத்தமான டர்ன் முறையும் 1991-இல் நான்காவதிலேயே போய்விட்டது. ஹிரோயுகி இட்டோ கொண்டுவந்த ஏ.டி.பி. (ஆக்டிவ் டைம் பேட்டில்) முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வேகம்; நாம் யோசிக்கிறோம் என்று எதிரி காத்திருக்க மாட்டான். ஃபார்முலா ஒன் பந்தயம் பார்த்து வந்த யோசனை அது. பிறகு 2001-இல் பத்தாவதில்தான் எதிரி சும்மா நின்றான்.

மூகிள் மாமா:
ஏ.டி.பி.யும் பட்டனை அடுத்தடுத்துத் தட்டிக் கோம்போ அடிப்பதும் ஒன்றா? அதிலும் மெனு இருந்தது, குழு இருந்தது, ஒவ்வொருவருக்கும் என்ன கட்டளை என்று நான்தான் சொன்னேன். குழம்பை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றட்டும், இலையில் சோறு இருக்கவேண்டாமா?

ஜங்ஷன் பைத்தியம்:
நான் இரண்டு பேரோடும் ஒத்துப்போகவில்லை. மாற்றம் பிரச்சினையே இல்லை. மாற்றியதை வளர்க்காமல் விட்டுவிடுவதுதான் பிரச்சினை.

எட்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் ஏழாவது உலகம் முழுக்க ஓடியாகிவிட்டது. அதையே திருப்பிச் செய்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? 1999-இல், மந்திரம் போடச் செலவாகும் எம்.பி. புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். எதிரியிடமிருந்து மந்திரத்தை உருவி, ஒவ்வொன்றிலும் நூறு வரை சேர்த்து, அதை வலிமையோடும் உயிரோடும் இணைக்கவேண்டும். இணைத்த மந்திரத்தைச் சண்டையில் செலவழித்தால் நம் பலம் குறையும். காசுகூட எதிரியைக் கொன்று வராது; சம்பளம்! மெனுவில் எழுத்துத் தேர்வு எழுதிப் பதவி உயர்வு வாங்கலாம். எதிரிகளும் நம் லெவலுக்குத் தக்கபடி வளர்வார்கள். அதனால் விவரம் தெரிந்தவன் யாரையும் கொல்லமாட்டான். எதிரியைச் சீட்டாக மாற்றுவான், அனுபவப் புள்ளி வராது, லெவல் ஏறாது. அந்தச் சீட்டை உருக்கி மந்திரமாக்கி நாயகன் ஸ்குவாலோடு இணைப்பான். முதல் சி.டி. முடிவதற்குள் ஆள் அசுரனாகிவிடுவான். லெவல் ஏற்றாமல் பலசாலி ஆவதுதான் கேமே! சமநிலை ஓட்டை உடைசல்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு தடவை தட்டிச் சீர்செய்திருந்தால்? 2000-இல் ஒன்பதாவது வந்தபோது தடயமே இல்லை. இரண்டாவதின் யோசனையையும் அதை வடிவமைத்த அகிதோஷி கவாஸு, சாகா என்ற வேறொரு கேம் தொடருக்குத் தூக்கிப்போனதால்தான் பிழைத்தது.

கேம்பிட் ராணி:
பைத்தியம், அப்படியே என் வயிற்றெரிச்சல். பன்னிரண்டாவதின் கேம்பிட் (2006) என்ன ஆயிற்று? கூட்டாளிகள் எப்போது என்ன செய்யவேண்டும் என்பதை, 'கூட்டாளியின் உயிர் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் க்யூர் (குணமாக்கும் மந்திரம்)' என்று வரி வரியாக எழுதி அடுக்கவேண்டும். விழுந்தவனை எழுப்பும் வரியை க்யூருக்குக் கீழே வைத்தால், இருப்பவர்களுக்கே மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள், விழுந்தவன் கிடப்பான். 'கேம் தானாக விளையாடிக்கொள்கிறது' என்று கேலி செய்தார்கள். அந்த வரிகளை எழுதியது யார்?

பழைய கார்ட்ரிட்ஜ்:
எல்லாவற்றையும் தூக்கி எறிந்ததாகச் சொல்லாதீர்கள். மூன்றாவதில் (1990) வந்த, ஆட்களின் தொழிலை மாற்றிக்கொள்ளும் ஜாப் முறை 5, டாக்டிக்ஸ், 10-2, 11, 14 என்று இன்றுவரை வாழ்கிறது. எறியத் தெரிந்ததால்தான் 14-உம் பிழைத்தது. 2010-இல் வந்து படுத்த ஆன்லைன் கேம் அது. 2012-இல் உலகத்தையே கதைக்குள் அழித்து மூடிவிட்டு, 2013-இல் புதிதாகக் கட்டித் திறந்தார்கள். கட்டியவர் நவோகி யோஷிதா. 16-இன் தயாரிப்பாளரும் அவரேதான். மெனுவில் கட்டளை தேர்ந்தெடுக்கும் முறை இளைஞர்களுக்கு ஒட்டவில்லை என்பது அவர் கருத்து. அவருக்குத் தெரியாதா?

மூகிள் மாமா:
இளைஞர்களுக்கு ஒட்டாதா? டர்ன் முறையில் ஓடுகிற பர்சோனா 5, பால்டர்ஸ் கேட் 3 எல்லாம் யார் வாங்கியது, என் தாத்தாவா? 2025-இல் க்ளேர் ஆப்ஸ்கர் வந்தது. பழைய ஃபைனல் ஃபேண்டஸிகளைப் பார்த்துத்தான் செய்தோம் என்று வெளிப்படையாகச் சொல்கிற பிரெஞ்சுக் குழு. டர்ன் முறைதான். பல லட்சம் பிரதிகள் போயின. இவர்கள் விட்டதை எடுத்து அவர்கள் சாப்பிடுகிறார்கள்.

பழைய கார்ட்ரிட்ஜ்:
டர்ன் முறைதான் வேண்டும் என்றால் டிராகன் குவெஸ்ட் தொடர் இருக்கிறதே. அதன் ஒன்பதாவதை முதலில் ஆக்‌ஷனாகக் காட்டிவிட்டு, கடைசியில் கட்டளை முறைக்கே திரும்பினார்கள். அது அந்தத் தொடரின் குணம். இதன் குணம் வேறு.

கேம்பிட் ராணி:
மாமா, ஏழாவதைப் புதிதாகச் செய்து வெளியிட்ட 7 ரீமேக், ரீபர்த் இரண்டையும் தொட்டீர்களா? அடித்தால் ஏ.டி.பி. பட்டை நிரம்பும், மெனுவைத் திறந்தால் உலகமே கிட்டத்தட்ட நின்றுவிடும். கூட வரும் பாரெட்டுக்கும் ஏரித்துக்கும் நீங்கள்தான் உத்தரவு கொடுக்கவேண்டும். நீங்கள் கேட்கிற யோசனையும் உண்டு, கார்ட்ரிட்ஜ் கேட்கிற புதுமையும் உண்டு.

மூகிள் மாமா:
ரீமேக்கை இரண்டு தடவை முடித்தேன். அதனால்தான் கடுப்பு. அதே கம்பெனி, 2020-இலேயே வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. அதை 1997-இன் கதைக்கு மட்டும் என்று பூட்டி வைத்தால் எப்படி? 17-இல் வரட்டும், முதல் நாளே வாங்குகிறேன்.

ஜங்ஷன் பைத்தியம்:
17-இல் வராது. அதற்குள் அதையும் கழற்றியிருப்பார்கள்.