டைமிங் பெல்ட் மாற்றிய பிறகு வண்டி உதறுகிறது, வழி சொல்லுங்கள்

அண்ணாச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் அப்பாவின் பழைய மாருதி 800-ஐப் பிரித்து வைத்திருக்கிறேன். கார்புரேட்டர் வண்டி. டைமிங் பெல்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பெல்ட்) பற்களுக்கு அடியில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்ததால் நானே புதிது மாட்டினேன்.

இப்போது நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் கார்புரேட்டர் வழியாக 'டப்' என்று வெடிக்கிறது.

பிளக்குகளைக் கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். கேம் ஒரு சுற்று முடிக்கும் அந்த இடத்தில் கிராங்க் குறி சரியாக நிற்கிறது. கேம் கியரின் குறி மட்டும் அரைப் பல் தள்ளித் தெரிகிறது. குனிந்து பார்த்தால் ஒன்று, நேராகப் பார்த்தால் ஒன்று. இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை. பிளக் ஒயர்களை, மூன்று சிலிண்டருக்கும் தீப்பொறி போக வேண்டிய 1-3-2 வரிசையில்தான் மாட்டியிருக்கிறேன்.

பெல்ட் ஒரு பல் தாண்டிவிட்டதா, அல்லது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தொய்வாக இருக்கும்போதே இறுக்கிவிட்டேனா? பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சமாளிக்கலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கேம் சரியாக நிற்காமல் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

பாளை, நெல்லை, மேலப்பாளையம் பக்கம் யாரிடமாவது டைமிங் லைட் (தீப்பொறி விழும் நேரத்தைப் பார்க்க உதவும் விளக்கு) இருந்தால் ஒரு நாள் இரவல் தாருங்கள். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க, அம்மாவை இந்த வண்டியில்தான் பாபநாசம் அழைத்துப் போக வேண்டும்.